நள்ளிரவில் ஒலித்த மணி

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவிற்குச் செல்லும் குடும்பங்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நன்கு பழகிய ஒன்றாகும். இராமநாதபுரத்தைக் கடந்தபின் தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்லும். வலப்புறத்தில் கடல் நம்மோடு கூடவே வரும். 2023ஆம் ஆண்டு நம் பங்கு மக்களோடு நாமும் அவ்வழியே சென்றோம். பொழுது புலராத நேரம். ஓட்டுநர் தேநீர் அருந்துவதற்காகப் பேருந்தை ஓரிடத்தில் நிறுத்தினார். விளக்கொளியில் ஊரின் பெயர்ப் பலகை தெரிந்தது: சேதுபாவாசத்திரம்.

அப்பொழுதுதான் விழித்துக்கொண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பாதர், சத்திரம்னா என்ன?" என்று கேட்டாள். நாம் வாய் திறப்பதற்குள் அவளுடைய பாட்டியார் விடை சொன்னார்: "காசு வாங்காமச் சோறு போடுத இடம்மா. வழிப்போக்கர் படுத்து எந்திரிச்சுப் போவாங்க."

"யாருக்கு வேணும்னாலும் போடுவாங்களா, பாட்டி?"

"வாரவங்க எல்லாருக்கும்."

சிறுமி சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தாள். "இப்ப அது எங்க இருக்கு?"

பாட்டியாரிடம் விடை இல்லை, நம்மிடமும் இல்லை. பேருந்து புறப்பட்டது. ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பியபின் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்ததில் நாம் அறிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கால்நடையாய்ச் சென்ற காலம்

இன்று தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் சில மணி நேரத்தில் போய்விடுகிறோம். நம் முன்னோருக்கு அது பல நாள் பயணம். வசதியுள்ளோர் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் சென்றனர். ஏனையோர் தலையில் மூட்டையைச் சுமந்து நடந்தனர். கருவாட்டுக் கூடையும் உப்பு மூட்டையும் அவ்வாறே உள்நாடு சென்றன. பகலில் வெயிலும் இரவில் கள்வர் அச்சமும் அவர்களை வாட்டின. ஆகவே பத்து மைலுக்கு ஒருமுறையேனும் நீரும் நிழலும் கூரையும் தேவைப்பட்டன.

இத்தேவையை நிறைவு செய்வதற்கு நம் நாட்டில் எழுந்த அறங்கள் பலவாகும். மிக எளியது சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைக்கவும், மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் அது உதவிற்று. வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது வழக்கமாக இருந்தது. இதைவிட ஆழ்ந்த துயரத்தையும், அத்துயரத்தைப் பிறர் நலமாக மாற்றிய அன்பையும் நாம் எங்கே காண முடியும்?

கோடையில் தண்ணீர்ப் பந்தல், ஊர் எல்லையில் சாவடி, சாலையோரத்தில் கல்மண்டபம், துறவியர்க்கும் அடியார்க்கும் மடம், முசுலிம் வணிகர்கள் எழுப்பிய முசாபர்கானா, திருவிதாங்கூர்ப் பக்கத்தில் ஊட்டுப்புரை, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு முசாபரி பங்களா என்று தங்குமிடங்கள் பல வகைப்பட்டன. இவற்றுள் தலையாயது சத்திரம். நெடுநாள் நடைபெறும் வேள்வியைக் குறித்த 'சத்ர' என்னும் வடசொல்லே சத்திரமாயிற்று. கூரையும் கூடமும் பிறவற்றிலும் உண்டு. சத்திரம் என்றால் அங்கே அடுப்பு எரிய வேண்டும். வருபவருக்குச் சோறு இருக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு வகை விடுதியும் உண்டு. முத்துச்சலாபம் நடைபெறும் பருவத்தில், நேற்றுவரை வெறும் மணலாய்க் கிடந்த கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழும். குளிகாரர், தோணிக்காரர், வணிகர், கணக்கர், கடைக்காரர் என ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து தங்குவர். சலாபம் முடிந்ததும் ஓலைகள் பிரிக்கப்படும். கரை மீண்டும் மணலாகும். 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் மணப்பாட்டில் கடலை நோக்கிய குகையில் தங்கியதை நம் மக்கள் இன்றும் காட்டுகின்றனர். ஆக, கடலோரத்தில் வாழும் நாம் அயலாரின் வருகைக்குப் புதியவர்கள் அல்லோம்.

மங்கம்மாள் சாலை

நம் பகுதி முதியோர் 'மங்கம்மாள் சாலை' என்று சொல்லக் கேட்டிருப்போம். 1689ஆம் ஆண்டு மதுரை நாயக்க மன்னர் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் இளமையிலேயே பெரியம்மை கண்டு இறந்தார். அவருடைய மகன் கைக்குழந்தை. எனவே பாட்டியாராகிய மங்கம்மாள் பேரனின் பெயரால் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1706 வரை நாட்டை ஆண்டார். போர்கள் நிறைந்த காலமாயினும், மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது போர்களுக்காக அன்று. மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலையைச் செப்பனிட்டு, இருமருங்கும் மரம் வைத்து, குடிநீருக்கு வழிசெய்து, சத்திரங்கள் கட்டினார் என்பதற்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர்.

மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரைத் தாங்கிய சத்திரம் உள்ளது. புகைவண்டி வருவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்மணி வழிப்போக்கர்க்கென அவ்விடத்தைத் தேர்ந்திருந்தார் என்பது வியப்பன்றோ!

சேதுச் சாலையின் சத்திரங்கள்

பேருந்தில் சிறுமி கேட்ட கேள்விக்கு உரிய சத்திரங்கள் தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்தின் கொடைகளாகும். வடநாட்டிலிருந்தும் காசியிலிருந்தும் இராமேசுவரத்திற்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் தஞ்சை நாட்டைக் கடந்தே சேதுக்கரையை அடைந்தனர். அவர்கள் சென்ற வழியே சேதுச் சாலை. அவ்வழியில் மன்னர்கள் சத்திரங்களை நிறுவி, பெரும்பாலானவற்றிற்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்களைச் சூட்டினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் இராசகுமாராம்பாள் என்று அப்பெயர்கள் வழங்கின. பின்னிரண்டும் அலை ஓசை கேட்கும் தொலைவில் அமைந்த ஊர்கள். நம் பேருந்து விரைந்து கடந்த ஊர்களும் அவையே.

அவற்றுள் புகழ் மிக்கது ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவராய் இருந்தவர் முத்தாம்பாள். அவர் மணமுடித்த அரசியல்லர். இறக்கும் தறுவாயில், தம் பெயரால் ஒரு சத்திரம் அமைய வேண்டும் என்று அவர் மன்னரிடம் கேட்டுக்கொண்டார் என்பர். நகையோ நினைவு மாளிகையோ கேட்கவில்லை. வழியில் வருவோர் பசியாற வேண்டும் என்றே கேட்டார். மன்னர் 1802ஆம் ஆண்டில் அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். யானைகளும் குதிரைகளும் பூட்டிய தேரைப் போன்ற தோற்றத்துடன் அமைந்த அக்கட்டடத்தில் அன்னசாலையோடு கல்விச் சாலையும் நடைபெற்றது. ஊரும் முத்தாம்பாள்புரம் என்னும் பெயர் பெற்றது.

மன்னர் எழுதிய மடல்

இச்சத்திரங்களின் வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுவது 1801ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியாகும். சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி அவர் கையை விட்டுப் போயிற்று. தஞ்சைக் கோட்டையும் ஓய்வூதியமும் மன்னர் என்ற பெயருமே எஞ்சின. சத்திரங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களின் வருவாயும் கம்பெனியின் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. வருவாய் நின்றால் அடுப்பு அணையும். அப்போது அவர் கம்பெனியின் தஞ்சைப் பிரதிநிதியாகிய பெஞ்சமின் டோரின் என்பவருக்கு ஒரு மடல் வரைந்து, சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு வேண்டினார். நாட்டை இழந்த மன்னர் ஒருவர் வாதாடிக் கேட்டது பிறருக்குச் சோறிடும் உரிமையை!

அம்மடலில் சத்திரங்களின் அன்றாடப் பணியை அவர் விரிவாக எடுத்துரைக்கிறார். அதன் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம்.

பிராமணர் முதல் பறையர் வரை, எந்த வகையைச் சார்ந்த வழிப்போக்கராயினும் உணவு பெறுவர். சமைத்த சோறு உண்ண விரும்பாதோர்க்கு அரிசியும் மளிகைப் பொருள்களும் அளக்கப்படும். சத்திரத்தில் ஆசிரியரும் மருத்துவரும் உண்டு. நச்சுக்கடிக்கு மருந்து தருவோரும் உண்டு. வழியில் நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும் தந்து, குணமாகும்வரை மரியாதையோடு பேணுவர். பச்சிளங்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண் அங்கே மகப்பேறு அடைந்தால் அவளுக்கு வேண்டிய கவனிப்பு உண்டு. வழிப்போக்கர் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு செய்வர்.

அனாதைக் குழந்தைகளைப் பற்றிய பகுதி நம் கண்களைக் கசிய வைக்கிறது. அயலூரார் விட்டுச் சென்ற பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுவர். நாளுக்கு மூன்று வேளை உணவு. நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். உடையும் மருந்தும் உண்டு. விரும்பிய கல்வியைக் கற்பித்து, வளர்ந்தபின் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கும். பெயரும் ஊரும் தெரியாத பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டும் நாளைக்கூட ஓர் அரசு கணக்கு வைத்திருந்தது! பெற்ற தாய் அன்றி வேறு யார் இதை நினைவில் கொள்வர்?

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு செய்தி. சோறு வழங்குவது நள்ளிரவு வரை தொடரும். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதோர் யாரேனும் இருப்பின் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்பர். அதன்பின்னரே அன்றைய பணி முடியும்.

இம்மணியை எண்ணிப் பாருங்கள். வந்து கேட்டவர்க்குக் கொடுப்பது ஓர் அறம். கேட்கக் கூசி இருளில் நிற்பவரைத் தேடி அழைப்பது அதனினும் பெரிய அறம்.

தொலைதூரத்தில் இதற்கொரு துணை உண்டு. பிரான்சு நாட்டில் ஓப்ராக் என்னும் குளிர்ந்த மேட்டுநிலத்தில், சந்தியாகப்பரின் கல்லறையை நோக்கி இசுபானிய நாடு செல்லும் யாத்திரிகர்க்கென 12ஆம் நூற்றாண்டில் துறவியர் ஒரு விடுதியை நடத்திவந்தனர். பனியும் மூடுபனியும் வழியை மறைக்கும் நேரங்களில் அவர்கள் கோயில் மணியை ஒலிப்பர். வழிதவறியோர் ஓசையைப் பின்பற்றி விடுதியை அடைவர். 'வழிதவறியோரின் மணி' என்றே அதற்குப் பெயர். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டாரும் ஒரே கருவியைக் கண்டறிந்தனர்!

சரபோஜியின் வேண்டுகோள் வீண்போகவில்லை. சத்திரங்கள் அவருடைய பொறுப்பில் நீடித்தன. அந்த மடலுக்கு அடுத்த ஆண்டுதான் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

ஒரு சோறு, பல பந்தி

பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் முறையன்று. எல்லாரும் உணவு பெற்றனர் என்பது மெய். எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்டனர் என்பது மெய்யன்று. சத்திரங்களில் சாதிக்கு ஒரு பந்தி, சாதிக்கு ஓர் இடம் என்பதே அக்கால வழக்கம். ஒரு சாரார்க்கு இலை உள்ளே விரிக்கப்பட்டது. மற்றொரு சாரார்க்கு வெளியே. பசி ஆறிற்று, இழிவு ஆறவில்லை.

இக்குறையை நீக்க முயன்றோர் பின்னர்த் தோன்றினர். இராமலிங்க வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி சமய வேறுபாடின்றி உணவளிக்கச் செய்தார். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. நம் தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது பற்றி 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிற்று. புகைவண்டி நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது.

பிறரைச் சுட்டும் நாம் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மறைமாவட்டத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் ஒரே வழிபாட்டிற்கு வந்தோரும் சுவருக்கு இருபுறமும் நின்றனர் என்றால், சத்திரத்துப் பந்தியை மட்டும் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?

புகைவண்டி வந்தபின்

1876ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குப் புகைவண்டி வந்தது. பல நாள் நடைப்பயணம் ஒரு நாளுக்குள் அடங்கிற்று. கொழும்பு செல்வோர் அனைவரும் நம் ஊரை நோக்கி வரலாயினர். நம் கடல் ஆழமற்றது. ஆதலால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகள் படகேறி அவற்றை அடைந்தனர். காற்றும் கப்பலும் ஒத்துவரும்வரை காத்திருக்க நேர்ந்தபோது நகரத்தின் விடுதிகளும் சாவடிகளும் நிறைந்திருந்தன. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இக்கொழும்புப் பயணிகளை மனத்திற்கொண்டே. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கை அஞ்சல் வண்டியின் வழி தனுஷ்கோடிக்கு மாறிற்று. 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கிச் சில மாதங்களில் நின்றுபோனது.

புகைவண்டி பெருகப் பெருக, சாலையோரச் சத்திரங்களுக்கு வேலை குறைந்தது. ஐரோப்பிய நாடுகளில் குதிரை மாற்றுவதற்காகச் சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இருந்த வண்டி விடுதிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவ்விடுதிகள் காசு வாங்கின. ஆதலால் பல இன்றும் உணவகங்களாக வாழ்கின்றன. நம் சத்திரங்கள் காசு வாங்காதவை. அவற்றின் நிலங்களே அவற்றைத் தாங்கின. 1855இல் தஞ்சை அரச மரபு ஆண் வாரிசின்றி முடிவுற்றது. காலப்போக்கில் சத்திரங்கள் அரசின் மேற்பார்வைக்குச் சென்றன. சில சத்திரங்களின் வருவாய் பள்ளிக்கூடங்களாகவும் மாணவர் விடுதிகளாகவும் உருமாறி ஏழைப் பிள்ளைகள் பலரை ஆளாக்கிற்று. அது நற்செயலே. ஆயினும் கட்டடங்கள் பல பாழடைந்தன, மணி ஓய்ந்தது.

இக்காலத்தில் வழிப்போக்கர்க்கென வேறொரு வகை இடமும் எழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் ஏழை மக்களை நிறுத்தி வைப்பதற்குத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் அமைக்கப்பட்டன. அங்கேயும் கூரை உண்டு, சோறும் உண்டு. ஆனால் வந்தவர் விருந்தினர் அல்லர். நோய் உண்டா என்று சோதிக்கப்பட்டனர், எண்ணப்பட்டனர், நாள் முடியும்வரை அடைத்து வைக்கப்பட்டனர். அதே மண்டபம் முகாமில் 1980களில் தொடங்கி ஈழத் தமிழர் அகதிகளாய் வந்து தங்கினர். 'மண்டபம்' என்ற சொல்லே வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்தைக் குறிப்பது. அச்சொல்லோடு 'முகாம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டதில் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருக்கிறது.

நாம் பூட்டிய கதவு

இதுவரை பிறர் கதையைச் சொன்னோம். இனி நம் கதையையும் சொல்லியாக வேண்டும்.

வேளாங்கண்ணிப் பயணத்திற்குப் பின் வந்த ஐப்பசி மழையில் ஓர் இரவு, ஒன்பது மணி இருக்கும். நம் பங்கின் சமூகக் கூடத்து வாயிலில் நான்கு இளைஞர்கள் நனைந்தபடி நின்றிருந்தனர். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குள் நீர் புகுந்துவிட்டது. இந்தியிலும், தெரிந்த சில தமிழ்ச் சொற்களிலும், திண்ணையில் இரவு மட்டும் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டனர்.

நாம் தயங்கினோம். பங்குப் பெரியவர்கள் இருவரை அழைத்தோம். மறுநாள் காலையில் கூடத்தில் ஒரு திருமணம் இருந்தது. "யார் எவர் என்று தெரியாது, பாதர், ஏதாவது காணாமற்போனால் யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பொறுப்பு உள்ளவர் அப்படித்தான் கேட்பார். விடை சொல்ல வேண்டியவர் நாம். பேருந்து நிலையத்தில் இடம் இருக்கும் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, வாயிலைப் பூட்டினோம்.

காலையில் திருப்பலி முடிந்து திரும்பும் வழியில், அடைத்திருந்த ஒரு கடையின் சாய்ப்புக்குக் கீழே அவர்களைக் கண்டோம். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருந்தனர். நம்மைக் கண்டதும் எழுந்து கைகூப்பினர். முகத்தில் ஒரு சினமும் இல்லை. அந்தக் கைகூப்பல்தான் நம்மைச் சுட்டது. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவில் சத்திரத்தில் இடம் கிடைக்காத கதையைச் சொல்லி, அந்தச் சத்திரக்காரரைக் கடிந்து பேசுபவர் நாம். அவர் ஒருவேளை கெட்டவராய் இருந்திருக்க மாட்டார். நம்மைப்போலவே மறுநாள் திருமணம் ஒன்றிற்குக் கூடத்தை ஒதுக்கியிருந்தாரோ என்னவோ!

நம் தாத்தாக்கள் கொழும்பிற்கும் பர்மாவிற்கும் பிழைக்கச் சென்றபோது யாரோ ஒருவரின் திண்ணையில் படுத்துத்தான் முதல் இரவைக் கழித்தனர். இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் யாரோ ஒருவர் தந்த இடத்தில்தான் படுத்திருக்கின்றனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊருக்கு வரும் இளைஞருக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறாள்.

சத்திரம் எங்கே இருக்கிறது?

அடுத்த மாதமே விடை கிடைத்தது. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டபின் சாலையும் துண்டிக்கப்பட்டது. எஞ்சியோர் நாற்புறமும் நீர் சூழ, முதியோரும் குழந்தைகளுமாக நிலையத்திலேயே தவித்தனர்.

அப்போது அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் வந்தனர். அவர்களுடைய வயல்களும் நீரில் மூழ்கியிருந்தன; கடைகள் இல்லை; மின்சாரம் இல்லை. வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் ஒன்று சேர்த்துச் சமைத்து, முன்பின் அறியாத அந்தப் பயணிகளுக்கு உணவளித்தனர். 19ஆம் நாள் மீட்புப் படையினர் வந்து அழைத்துச் செல்லும்வரை அவர்களைக் காத்தது அந்தச் சோறே. யாரும் அவர்களிடம் சாதி கேட்டதாகத் தெரியவில்லை. எந்த மன்னரும் அவர்களுக்கு ஊர்களை மானியமாக விட்டதில்லை. புகைவண்டி வந்து சத்திரத்தை மூடிற்று என்று சொன்னோம். அந்தப் புகைவண்டியே நின்றுபோன இரவில் சத்திரம் மீண்டும் திறந்துகொண்டது!

சிறுமியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சத்திரம் கல்லால் ஆனது மட்டுமன்று. அடுத்த வீட்டுக்காரர் அரிசியை அளந்து கொண்டுவரும்போது நாமும் ஒரு படி அளந்துகொண்டு வெளியே வந்தால், அங்கே சத்திரம் இருக்கிறது.

இதை அந்தச் சிறுமியிடம் சொன்னபோது அவள் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம கூடத்திலயும் சத்திரம் வைக்கலாமே, பாதர்" என்றாள். பங்குப் பேரவையில் இதைச் சொன்னோம். முன்பு பொறுப்பைப் பற்றிக் கேட்ட அதே பெரியவர்தாம் முதலில் எழுந்து, பின்னறையைச் செப்பனிடும் செலவைத் தாம் ஏற்பதாகக் கூறினார். இப்போது அந்த அறையில் நான்கு பாய்களும் ஒரு தண்ணீர்ப் பானையும் உள்ளன. சாவி உபதேசியார் வீட்டில் இருக்கிறது. நள்ளிரவானாலும் கதவைத் தட்டலாம் என்று அவரே தமிழிலும், பிறர் உதவியுடன் இந்தியிலும் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார்.

மணி மட்டும் இன்னும் வைக்கவில்லை. ஆனால் மழை பெய்யும் இரவுகளில் உபதேசியார் குடையும் கைவிளக்குமாகக் கடைத்தெருவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருகிறார்.